ஊர்ப்புறத்தைப் படமெடுத்து ஆவணமாக்குவது எப்படி: ஏரிக்கரை முதல் சுமைதாங்கிக் கல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிளைச்சாலையின் திருப்பத்தில் சுமைதாங்கிக் கல் ஒன்று இருந்தது. நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடப்பவர்கள் பிறர் கைகொடுக்காமலேயே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, பெரும்பாலும் கருவுற்ற நிலையில் இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் நட்டு வைக்கும் கல் அது. மாலை வெயில் பட்டுக் கல்லின் சொரசொரப்பு முழுவதும் தெரியும்படி, நெருங்கி நின்று நான் அதைப் படமெடுத்தேன். சில ஆண்டுகள் கழித்துச் சாலை அகலமானபோது கல் பெயர்க்கப்பட்டது. அதை அருகிலேயே மறுபடி நட விரும்பிய ஊர்ப் பெரியவர்கள், அது எந்தத் திசை பார்த்து, சாலையிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றது என்று என்னிடம் கேட்டார்கள். என் படத்தில் கல் மட்டுமே இருந்தது. சாலையும், பின்னால் நின்ற புளியமரமும், இடக்குறிப்பும் அதில் இல்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய படங்களை எடுப்பது பற்றியதே இந்த வழிகாட்டி. அழகிய படங்களை எடுக்கக் கற்றுத் தருவதற்குப் பலர் இருக்கிறார்கள். ஏரி, மதகு, நடுகல், களத்துமேடு, சாவடி, நிழற்குடை, மைல்கல் போன்ற அன்றாட அடையாளங்களை, அந்த ஊரை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் 50 ஆண்டுகள் கழித்துப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் வந்து நிற்கும்படி எடுப்பதற்குத் தனி ஒழுங்கு வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2005-இல் தொடங்கப்பட்ட ஜியோகிராஃப் என்ற திட்டம், நாட்டை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த நிலத்தின் இயல்பைக் காட்டும் படங்களைப் பொதுமக்களிடமிருந்தே திரட்டி வருகிறது. வயல்வெளிக் கதவும் அஞ்சல் பெட்டியும்கூட அதில் இடம் பெறும். அந்த முறையை நம் நிலத்துக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டுதான் நான் தொண்டை நாட்டு ஊர்களில் படமெடுத்து வருகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

முதல் படி: எல்லையை வகுத்தல்

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் புறப்படுகிறவர் ஒரே கோபுரத்தை நாற்பது தடவை எடுத்துவிட்டு, அதற்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரை ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்துவிடுவார். அதனால் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது முதல் வேலை. இதற்குச் சிறப்பு மென்பொருள் தேவையில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வரை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே கட்டத்தின் பெயராகிவிடும். 12.61, 79.76 என்று தொடங்கும் எந்த இடமும் "1261-7976" என்ற கட்டத்துக்குள் அடங்கும். நம் அட்சரேகையில் இத்தகைய கட்டம் தெற்கு வடக்காக ஏறத்தாழ 1.1 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1.09 கிலோமீட்டரும் இருக்கும், பரப்பு 1.2 சதுர கிலோமீட்டர். 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு வட்டத்தை (தாலுகாவை) எடுத்துக்கொண்டால் சுமார் 330 கட்டங்கள் வரும். ஞாயிறுதோறும் நான்கு கட்டம் முடித்தாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே முழு வட்டத்தையும் உடனே மனதில் கொள்ளாமல், உங்கள் ஊரைச் சுற்றிய ஒன்பது கட்டங்களில் தொடங்குங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தாள் 15 கலைக்கு 15 கலை பரப்பைக் காட்டும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). ஏரிகள், ஓடைகள், பழைய வண்டிப்பாதைகள் அதில் நன்றாகத் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும். இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கக்கூடும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலைப் பாதிக்குப் பாதிதான் நம்ப வேண்டும். வரைபடத்தில் இல்லாத பொருள்கள்தாம் ஊரில் அதிகம். வரைபடத்தில் வெறும் நீலப் பரப்பாகத் தெரியும் ஏரிக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கும். சித்தேரி, பெரிய ஏரி, தாங்கல் என்று வழங்கும் அந்தப் பெயரைப் பதிவு செய்வதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

இரண்டாம் படி: கருவியை ஆயத்தம் செய்தல்

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய நடுத்தர விலைக் கைபேசி போதும். கேமரா இருந்தால் 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை செல்லும் ஒரு லென்ஸ் போதும். முக்காலி கல்வெட்டுக்கும் மண்டபத்தின் உட்புறத்துக்கும் உதவும்.

கருவியைவிட மூன்று அமைப்புகள் முக்கியம். ஒன்று, கடிகாரம். கேமராவின் தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சரிபார்க்க வேண்டும். மின்கலம் முற்றிலும் தீர்ந்து மீளும்போது பல கேமராக்கள் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். இரண்டாவது, இடக்குறிப்பு. கைபேசியின் கேமரா அமைப்பில் அதை இயக்கி வையுங்கள். திறந்தவெளியில் அது பெரும்பாலும் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கேமராவில் ஜி.பி.எஸ். இல்லையென்றால், ஒவ்வோர் இடத்திலும் கைபேசியாலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இரண்டின் நேரத்தையும் பொருத்திப் பின்னால் இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, கைபேசி தானாகவே வானத்தை நீலமாக்குவதும் வயலைப் பச்சையாக்குவதும். அந்த வசதிகளை அணைத்துவிட வேண்டும். காய்ந்த ஏரி காய்ந்ததாகவே தெரிய வேண்டும்.

கைபேசியில் 0.5 என்று குறிக்கப்பட்ட அகல லென்ஸைக் கூடியவரை தவிருங்கள். அது அருகிலுள்ளதைப் பெரிதாகவும் தொலைவிலுள்ளதை மிகச் சிறிதாகவும் காட்டி, பொருள்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பற்றிப் பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தையும் பருவத்தையும் கணித்தல்

குளிர்நாட்டுப் படக்கலை நூல்கள் சொல்லும் நீண்ட பொன்னிற வேளை நமக்குக் கிடைப்பதில்லை. நம் நிலத்தில் சூரியன் ஏறத்தாழ நேர்க்குத்தாக, மணிக்குச் சுமார் 14 பாகை ஏறுகிறது. உதித்த இரண்டு மணி நேரத்தில் சாய்ந்த வெளிச்சம் போய்விடும். வட தமிழ்நாட்டில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் காலை 5.40-க்கும் 6.35-க்கும் இடையில்தான் நிகழ்கிறது என்பதால், ஆறு மணிக்கு முதல் இடத்தில் நிற்பது என்று வைத்துக்கொண்டால் எந்த மாதத்திலும் பெரிய பிழை வராது. எட்டரை மணிக்கு மேல் மரநிழலில் அமர்ந்து ஊர்க்காரர்களிடம் பேசிப் பெயர்களைக் கேட்டு எழுதுவதும், மாலை நான்கு மணிக்கு மறுபடி கேமராவை எடுப்பதும் என் வழக்கம்.

எந்தப் பொருளை எந்த வேளையில் எடுப்பது என்பதை அதன் முகம் முடிவு செய்யும். கிழக்கு பார்த்த கோயிலைக் காலையிலும் மேற்கு பார்த்ததை மாலையிலும் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வடக்கு பார்த்தவற்றுக்குத்தான் கணக்கு வேண்டும். செல்லியம்மன், பிடாரி, காளி போன்ற எல்லைத் தெய்வங்களின் கோயில்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கி இருப்பவை. சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து செல்வதால் அவற்றின் முகப்பு நிழலிலேயே கிடக்கும். உத்திரமேரூரின் அட்சரேகையில் ஏப்ரல் 23, 24 தேதிகளை ஒட்டியும் ஆகஸ்ட் 19, 20 தேதிகளை ஒட்டியும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இந்த இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அது உச்சிக்கு வடக்கே செல்லும். மே, ஜூன், ஜூலை மாதங்களில் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் வடக்கு முகப்பின் மேல் சாய்வாக வெயில் விழுவதைக் காணலாம். பிடாரி கோயிலை மார்கழியில் எடுத்துவிட்டு முகப்பு இருட்டாக இருக்கிறதே என்று வருந்துவதைவிட, அதை ஆனி மாதப் பட்டியலில் எழுதி வைப்பது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, நம் ஊர்ப்புறத்துக்கு ஆண்டில் குறைந்தது இரண்டு முகங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர், ஜனவரியில் ஏரி நிறைந்து, மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்து, சம்பா நெல் கதிர் முற்றி நிற்கும். மே மாதத்தில் அதே ஏரியின் நடுவில் ஆடு மேயும். ஒரு முகத்தை மட்டும் எடுத்தவர் அந்த இடத்தைப் பாதிதான் பதிந்திருக்கிறார். மழைக்கு அடுத்த நாள் தூசி அடங்கி, தொலைவிலுள்ள குன்றுகள் தெளிவாகத் தெரியும். அகன்ற நிலக்காட்சிகளை அந்த நாளுக்காக ஒதுக்கி வையுங்கள்.

நான்காம் படி: ஓர் இடத்தில் எடுக்க வேண்டிய வரிசை

ஓர் இடத்துக்குப் போனதும் கை தானாகவே பொருளை நோக்கி நெருங்கும். அதைக் கட்டுப்படுத்தி, தூரத்திலிருந்தே தொடங்க வேண்டும். முதல் படம், பொருள் சிறிதாகத் தெரிந்து அதன் சுற்றுப்புறம் முழுவதும் வரும் படம். அதில் எளிதில் மாறாத அடையாளம் ஒன்றாவது இருக்க வேண்டும்: குன்றின் விளிம்பு, கோபுரம், ஊரின் மேல்நிலை நீர்த்தொட்டி, சாலைச் சந்திப்பு. அடுத்து, பொருள் படச்சட்டத்தில் பாதியளவு நிறையும் நடுத்தரப் படம். இதில் அது நிற்கும் தரையும் பக்கத்துப் பொருளும் தெரிய வேண்டும். பின்னர் பொருளைச் சுற்றி நடந்து நான்கு பக்கமும், கடைசியாக நெருங்கி நுணுக்கங்களும். இறுதியில் திரும்பி நின்று, அந்தப் பொருள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தக் காட்சியையும் ஒரு படம். சுமைதாங்கிக் கல்லில் நான் தவறவிட்டது முதல் படத்தையும் கடைசிப் படத்தையும்தான். இரண்டையும் எடுத்திருந்தால் பெரியவர்களின் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

அளவு தெரிய ஒரு மனிதர் பக்கத்தில் நிற்பது சிறந்தது, அவர் சம்மதித்தால். இல்லையென்றால் மிதிவண்டி, குடை, சென்டிமீட்டர் குறித்த பட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. ஐயனார் கோயிலின் குதிரைச் சிலை இரண்டடி உயரமா, இருபதடி உயரமா என்பது தனிப்படத்தில் தெரியாது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் உள்ள குதிரை ஏறத்தாழ 33 அடி உயரம். அதன் காலடியில் மனிதர் ஒருவர் நிற்காத படத்தைப் பார்ப்பவருக்கு அந்தப் பிரம்மாண்டம் எட்டாது. மாசி மகத்தில் அதன் உடல் முழுவதும் காகிதப்பூ மாலைகளால் மூடப்பட்டுவிடும் என்பதால், உருவத்தைப் பதிய வேறொரு நாளும், வழிபாட்டைப் பதிய அந்த நாளும் என இரு முறை செல்ல வேண்டும்.

கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரமும் கம்பமும் பின்னால் விழுவதுபோல் தோன்றும். பின்னால் நகர்ந்து நின்று மட்டமாக எடுத்து, பின்னர் மேலேயும் கீழேயும் வெட்டிக்கொள்வது நல்லது. நிலக்காட்சிக்கு எஃப் 8 துளையளவும் 100 அல்லது 200 ஐ.எஸ்.ஓ.வும் (ஒளியுணர்திறன்) பெரும்பாலான நேரங்களில் போதும். வெள்ளைச் சுவரும் வெளிறிய வானமும் சேர்ந்து வரும்போது, வெள்ளை வெளிறிப் போகாதபடி ஒளியைச் சற்றுக் குறைத்து எடுங்கள். இருட்டை ஓரளவு மீட்கலாம், வெளிறிப்போனதை மீட்க முடியாது.

ஐந்தாம் படி: பொருளுக்கேற்ற முறை

ஏரியிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் கணக்கில் உள்ளன. தென்மாவட்டங்களில் கண்மாய் என்றும், நெல்லையில் குளம் என்றும் பெயர் மாறும். இவற்றைப் பதிபவர்கள் நீர்ப்பரப்பை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏரி என்பது ஓர் அமைப்பு. நீர் வரும் வரத்துக்கால், அதைத் தடுக்கும் கரை, பாசனத்துக்குத் திறக்கும் மதகு, மிகுதியை வெளியேற்றும் கலங்கல், அங்கிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் போக்குக்கால், கீழே பயிராகும் ஆயக்கட்டு என்று நீர் செல்லும் வரிசையிலேயே நீங்களும் நடந்து எடுங்கள். கரையின் மேல் நின்று, ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வயலும் ஒரே சட்டத்தில் வரும்படி கரையின் நீளத்தை நோக்கி ஒரு படம் எடுத்தால், கரை எதற்காக இருக்கிறது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியிலுள்ள மாமண்டூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ள குன்றையும், சித்திரமேகத் தடாகம் என்று பழம்பெயர் கொண்ட ஏரியையும் சேர்த்து எடுக்கலாம். குடைவரைத் தூண்களை மட்டும் எடுத்துத் திரும்புகிறவர்கள், மன்னனின் அந்த இரண்டு பணிகளும் ஒன்றையொன்று அடுத்து நிற்பதைத் தவறவிடுகிறார்கள்.

பழைய ஏரிகள் சிலவற்றின் உட்புறத்தில் இரண்டு கல்தூண்கள் நட்டு, குறுக்கே கற்கள் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அது குமிழித்தூம்பு. அடியிலுள்ள தொட்டியின் துளையை மேலிருந்து திறந்து மூடி, சேற்றையும் நீரையும் வெளியேற்றுவதற்காகச் சோழர் காலத்திலும் அதற்கு முன்னும் அமைக்கப்பட்டது. ஏரி நிறைந்திருக்கும்போது தூணின் தலை மட்டுமே தெரியும். நீர் வற்றிய மே மாதத்தில்தான் அடிவரை எடுக்க முடியும். தூண்களில் கல்வெட்டு இருக்கக்கூடும் என்பதால் எல்லா முகங்களையும் எடுங்கள். தூர்வாரும் பணி நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டால் அதற்கு முன்பே போய்விடுங்கள். இயந்திரத்தை இயக்குபவருக்கு அந்தத் தூண் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

கல்வெட்டுக்கும் நடுகல்லுக்கும் நேர்வெளிச்சம் பகை. வெயில் கல்லின் முகத்தை உரசிச் செல்லும் வேளையில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். மங்கிய எழுத்தும் அப்போது எழுந்து வரும். நிழலில் இருக்கும் கல்லுக்கு, ஒருவர் கைவிளக்கை இடப்புறத்திலிருந்து கல்லோடு ஒட்டியவாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். பின்னர் வலப்புறம், மேற்புறம் என்று மாற்றி, கேமராவை அசைக்காமல் மூன்று நான்கு படங்கள் எடுக்க வேண்டும். ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து மற்றொன்றில் தெரியும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் ஆகியவற்றைத் தடவுவதும், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் மன்னிக்க முடியாத செயல்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய எழுத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் பதிந்தெடுக்கும் மைப்படி கல்வெட்டுத் துறையினரின் வேலை.

நீளமான கல்வெட்டைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றிலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு மீண்டும் வரும்படி, சுவருக்கு இணையாக நகர்ந்தபடி எடுங்கள். இந்த உத்தி நமக்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்து ஒரே நீண்ட படமாக்கினார்.

மரத்தை எடுக்கும்போது அடிமரத்தையும் முழு வடிவையும் தனித்தனியே எடுத்து, அதன் கீழ் நடப்பதையும் எடுங்கள். ஆலமரத்தடியின் மந்தை, புளியமரத்தடியின் இளநீர்க் கடை, வேம்படியின் நாகர் கற்கள் ஆகியவை இருப்பதால்தான் அந்த மரம் ஊருக்கு அடையாளமாகிறது. மைல்கல்லில் எண்கள் உள்ள எல்லா முகங்களும் வேண்டும்.

எவரும் எடுக்க நினைக்காத பொருள்களுக்காக ஒரு வார்த்தை. நியாயவிலைக் கடை, பம்ப்செட் அறை, பேருந்து நிழற்குடை, பழைய தபால் பெட்டி, ஓட்டு வீடுகள் மட்டுமே உள்ள தெரு ஆகியவை அடுத்த தலைமுறைக்கு அரிதாகப்போகிறவை. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலை ஏற்றம் ஊருக்குப் பத்து இருந்த காலத்தில் அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று அதன் ஒரு நல்ல படத்துக்காக எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு கட்டத்திலும் இத்தகைய படங்கள் குறைந்தது ஐந்து எடுப்பது என்று நான் வைத்திருக்கிறேன்.

ஆறாம் படி: மனிதர்களும் அனுமதியும்

ஊருக்குள் கேமராவுடன் நுழையும் அந்நியரைப் பார்த்தால், நிலம் எடுக்க வந்தவரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. முதலில் தேநீர்க் கடையில் அமர்ந்து, யார், எந்த ஊர், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிடுங்கள். முன்பு எடுத்த படங்களின் அச்சுகள் சில கையில் இருந்தால் விளக்கம் எளிதாகும். "பெரியவரே, இந்தக் கல்லுக்கு என்ன பேரு?" என்று கேட்டால் கல்லின் பெயரோடு அதன் கதையும், அடுத்த கல் எங்கே இருக்கிறது என்பதும் கிடைக்கும். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, இது ஊரார் கூற்று என்று குறிப்பிடுங்கள்.

கருவறையை எடுக்க வேண்டாம். குலதெய்வக் கோயில் என்றால் பங்காளிகளிடமோ பூசாரியிடமோ கேட்காமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். குளிக்கும் துறை, பள்ளி வளாகம், குழந்தைகளின் முகம் ஆகியவற்றைத் தவிருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். அணைகள், மின் நிலையங்கள், ரயில் பாலங்கள் போன்ற இடங்களில் அறிவிப்புப் பலகையைப் படித்து, ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள். டிரோன் பறக்கவிடுவதற்கு 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் உள்ளன. பறக்கும் பகுதி எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே அதை எடுத்துச் செல்ல வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிடுவதற்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஏழாம் படி: அதே இடத்துக்குத் திரும்புதல்

பழைய படம் எடுக்கப்பட்ட அதே புள்ளியைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். மட்டும் போதாது, சில மீட்டர் பிழையே படத்தை மாற்றிவிடும். படத்தில் அருகில் உள்ள ஒரு பொருளையும் அதற்குப் பின்னால் தொலைவில் உள்ள ஒன்றையும் பாருங்கள். மதகுத் தூணும் குன்றின் உச்சியும் என்று வைத்துக்கொள்வோம். பழைய படத்தில் தூண் உச்சிக்கு நேர்கீழே இருக்கிறது, இப்போது இடப்புறம் தள்ளித் தெரிகிறது என்றால், நீங்கள் இடப்புறம் நகர வேண்டும். நகர நகரத் தூண் வலப்புறமாகச் சென்று உச்சியோடு நேராகும். சட்டத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஜோடியையும் இவ்வாறே பொருத்தினால் நிற்க வேண்டிய இடம் ஓரடிக்குள் அகப்பட்டுவிடும். பெரிதாக்கும் வசதியைத் திருகுவதால் இந்த உறவு மாறாது. கால்தான் நகர வேண்டும். இடம் கிடைத்த பிறகு லென்ஸின் அளவையும், முடிந்தால் பழைய படத்தின் மாதத்தையும் நேரத்தையும் பொருத்துங்கள்.

உங்கள் முதல் படங்களையே பிறர் இப்படிப் பின்தொடரும்படி எடுப்பதற்கு, சட்டத்துக்குள் அருகிலும் தொலைவிலும் நிலையான பொருள்கள் வரும்படி நில்லுங்கள். வெறும் வானமும் நெற்பயிரும் உள்ள படத்தின் இடத்தை யாராலும் மீட்க முடியாது.

எட்டாம் படி: குறிப்பும் சேமிப்பும்

அன்றிரவே குறிப்பு எழுதிவிட வேண்டும். மறுநாள் நினைவில் இரண்டு மதகுகள் ஒன்றாகிவிடும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், கட்ட எண், பொருள் என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: "பெரிய ஏரியின் நடுமதகு. ஏரிக்கரையின் மேலிருந்து தென்கிழக்கு நோக்கி எடுத்தது. மதகு கேமராவிலிருந்து சுமார் 40 அடி தொலைவில். காலை 6.50. ஏரியில் பாதி நீர். பின்னணியில் ஊரின் நீர்த்தொட்டி." கேமரா நின்ற இடமும் பொருள் நிற்கும் இடமும் வேறு என்பதை மறக்கக்கூடாது, கைபேசி பதிவது முதலாவதைத்தான். அட்சரேகை, தீர்க்கரேகையில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் எழுதினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம். நிலத்தின் புல எண் (சர்வே எண்) தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையும் வரப்பும் மாறினாலும் வருவாய்ப் பதிவேட்டின் வழியே இடத்தை மீட்க அது உதவும்.

திருத்தத்தில் கோணலை நிமிர்த்தலாம், ஒளியைச் சரிசெய்யலாம். மின்கம்பியை அழிப்பதும் வானத்தை மாற்றுவதும் கூடாது. டிரைப்பின் படங்கள் சிலவற்றில் உள்ள மேகங்கள் அவர் நெகட்டிவில் கையால் தீட்டிச் சேர்த்தவை. அவருடைய கோபுரங்களை நாம் சான்றாகக் கொள்கிறோம்; அந்த வானத்தை அப்படிக் கொள்ள முடிவதில்லை. மூலக் கோப்பைத் தொடாமல், திருத்தியதைத் தனியே வையுங்கள். இரண்டு வன்தட்டுகளில் இரண்டு படிகள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் நீங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் அவை அப்படியே இருக்கும்.

வெளியிடுவதற்கு 2004-இல் தொடங்கிய கட்டற்ற படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் நல்ல இடம். பிறரும் பயன்படுத்த இடம் தரும் க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், தமிழில் விளக்கம் எழுதி, கேமரா நின்ற இடத்தைத் தனிப் புலத்தில் சேர்க்கலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. காட்டோரத்திலும் வயல்நடுவிலும் காவலின்றிக் கிடக்கும் சிற்பங்களின் துல்லியமான இடத்தை வெளியிடுவது திருடர்களுக்கு வழிகாட்டுவதாகும். அவற்றுக்குக் கட்ட எண்ணோடு நிறுத்திக்கொண்டு, முழு இடக்குறிப்பை உங்கள் பதிவில் மட்டும் வைத்திருங்கள். புதிதாகத் தென்பட்டது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் தெரிவியுங்கள்.

ஒரு கட்டம் முடிந்ததும் அதன் படங்களில் பத்துப் பன்னிரண்டை அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பை எழுதி, அந்த ஊரின் நூலகத்திலோ தேநீர்க் கடையிலோ கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், நீங்கள் நடுமதகு என்று எழுதியதைக் கடைமதகு என்று யாரோ பேனாவால் திருத்தி வைத்திருப்பார்கள். அந்த அச்சைத் திரும்ப வாங்கி, திருத்தத்தைப் பதிவில் ஏற்றிவிட்டு, புதிய அச்சொன்றைக் கொடுங்கள்.